ஆர்கோ கப்பலுக்கு 10×50 பைனாகுலர்

கிரேக்கப் புராணத்தில் ஜேசன் பொன் ஆட்டுத்தோலைத் தேடிப் போன கப்பல் ஆர்கோ. அதன் பெயரிலான விண்மீன் குழு, தென்வானில் ஒரே பார்வையில் அடங்காத அளவுக்குப் பெரியது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வானியலாளர் லக்காய் அதை அடிக்கட்டை (கரினா), பின்தளம் (பப்பிஸ்), பாய் (வெலா) எனப் பிரித்தார். விண்மீன்களுக்குப் பெயராக இட்ட கிரேக்க எழுத்துகளை மூன்றுக்கும் பங்கிட்டதால் வெலாவில் ஆல்ஃபாவைத் தேட வேண்டாம், காமாவில்தான் தொடங்கும்.

இந்தப் பரப்புக்குப் பெரிய தொலைநோக்கியைவிட 10×50 பைனாகுலரே (10 மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. முன்வில்லை) பொருத்தம். 6.5 பாகைப் பார்வைப் புலத்தில் பப்பிஸில் உள்ள எம் 46, எம் 47 என்ற விண்மீன் கொத்துகள் இரண்டும் சேர்ந்து விழும். எம் 47 தனித்தனி விண்மீன்களாகப் பிரியும், எம் 46 வெறும் புகைத்திட்டுதான். கரினா நெபுலா என்ற வாயு மேகமும் அருகிலுள்ள என்ஜிசி 3532 விண்மீன் கொத்தும் ஒன்றாகத் தெரிவது அற்புதம்! இதற்காகவே வாங்கலாம்.

குறை, கை நடுக்கம். 10 மடங்கு உருப்பெருக்கத்தில் அதுவும் பெருகும். முக்காலியும், பைனாகுலரை அதில் பொருத்தும் எல் வடிவ இணைப்பானும் அவசியம். அகத்திய மீனில் (கனோபஸ்) முதலில் இடக்கண்ணுக்கு நடுச்சக்கரத்தையும், பிறகு வலக்கண்ணுக்கு அந்தப் பக்கக் கண்வில்லையிலுள்ள டயாப்டர் வளையத்தையும் கூர்மையாகத் தெரியும் வரை திருப்புங்கள். அப்போதும் விண்மீன் இரண்டாகத் தெரிந்தால் உள்ளிருக்கும் கண்ணாடிப் பட்டகம் (பிரிசம்) விலகியிருக்கிறது. உடனே கடையில் மாற்றித் தரக் கேளுங்கள்.