சுஜோவில் ஒரே ஒரு மாலை: குன்ச்சுவா, பிங்தானா?

சீனாவின் சுஜோ நகருக்குப் போகிற பலரும், அங்குள்ள இந்த இரண்டு மரபுக் கலைகளில் எதைப் பார்ப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

மேடை: குன்ச்சு, முழு ஒப்பனையோடு ஆடிப்பாடும் இசைநாடகம். பிங்தானில் பெரும்பாலும் இருவர்தான். உட்கார்ந்தபடி சான்ஷியன், பீபா என்ற நரம்பிசைக் கருவிகளை மீட்டிக் கதை சொல்வார்கள்.

இசை: குன்ச்சுவை நடத்துவது மூங்கில் குழல். ஒரு சொல்லை இழைத்து இழைத்துப் பாடும்போது சட்டைக் கையின் நுனியில் தொங்கும் நீண்ட வெள்ளைத் துணி மெல்ல விரிந்து மடியும். அந்த ஓர் அசைவுக்காகவே போகலாம். யுனெஸ்கோ 2001-லேயே குன்ச்சுவைக் கௌரவித்தது.

மொழி: பிங்தான் சுஜோ வட்டார வழக்கு, பெய்ஜிங்காரருக்கே பிடிபடாது. குன்ச்சு பழைய செய்யுள் நடை.

செலவு: பல தேநீர் விடுதிகளில் தேநீர் வாங்கினாலே பிங்தான் கேட்கலாம், விரும்பிய பாட்டுக்குத் தனிக் காசு. குன்ச்சுவுக்கு டிக்கெட் வேண்டும். நாடகாசிரியர் டாங் ஷியான்சூவின் ‘பியோனி மண்டபம்’ என்ற ஒரு நாடகத்திலேயே 55 காட்சிகள், ஒரே மாலையில் முடியாது. அதனால் தேர்ந்தெடுத்த சில காட்சிகளை மட்டும் போடும் நாளாகப் பாருங்கள்.

நடந்து களைத்திருந்தால், குழந்தைகள் கூட இருந்தால் பிங்தான். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார முடியுமென்றால் குன்ச்சு. என் ஓட்டு அதற்குத்தான்.