ட்ராக்குக்கு முதல் பைக்: யமஹா ஆர்15 வீ2, ஒரு வருட அனுபவம்

ஏ9 வீதியில் ஓடிப் பழகியவனுக்கு வளைவு தெரியாது. ஓமந்தை தாண்டினால் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று நூல் பிடித்த மாதிரி வீதி போய்க்கொண்டே இருக்கும், கைப்பிடியை முறுக்குவதைத் தவிர வேறு வேலை இல்லை. என் பழைய பைக்கின் பின் ரயரைப் பார்த்தாலே அது விளங்கும். நடுப்பகுதி தேய்ந்து பலகை மாதிரித் தட்டையாகிவிட்டது, இரண்டு ஓரத்திலும் வாங்கின அன்று இருந்த ரப்பர் முடிகள் அப்படியே நின்றன.

என்னோடு உயர்தரம் படித்த ஒருவனை இந்த வீதியில்தான் பறிகொடுத்தோம். இரவு நேரம், வீதியில் படுத்திருந்த மாடு. அவன் நன்றாக ஓடுகிறவன். வேகம் பிடித்த பொடியன்களைப் போகாதே என்று சொல்லி நிறுத்த முடியாது, நானும் அந்த ரகம்தான் என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும். மாடும் இல்லை, எதிரே வரும் பஸ்ஸும் இல்லை என்ற இடத்தில், ட்ராக் என்கிற பந்தயத் தடத்தில் ஓடுவோம் என்று முடிவெடுத்து அதற்கென்று ஒரு பைக் தேடினேன். தேடலில் ஏழு மாதம் போனது. கடைசியில் வாங்கியது யமஹா ஆர்15இன் இரண்டாவது பதிப்பு, எல்லாரும் வீ2 என்று சொல்வது. ஒரு வருடம் வைத்திருந்து, இரண்டு ட்ராக் நாள் ஓடிய பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் மனது போனது ஹொண்டா சீபீஆர் 250ஆர்ஆர் பக்கம். 90களில் ஜப்பானில் ஓடி இங்கே வந்த பைக், நான்கு சிலிண்டர், 45 குதிரைவலு, ஊசி நிமிடத்துக்கு 19,000 சுற்று வரை ஏறும். வவுனியாவில் ஒன்று விலைக்கு நின்றது. ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள், அந்தச் சத்தம் கேட்டு அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆனால் அது 30 வயது தாண்டிய இயந்திரம், நான்கு கார்புரேற்றரையும் கழற்றிக் கழுவி ஒன்றுக்கொன்று சமப்படுத்தத் தெரிந்த கை வேண்டும், பிளாஸ்ரிக் ஒன்று உடைந்தால் கொழும்பு முழுக்க அலைய வேண்டும், அங்கும் இல்லையென்றால் ஜப்பானிலிருந்து வர வேண்டும். ட்ராக்கில் புதிதாக ஓடுகிறவன் ஒரு நாள் விழத்தான் போகிறான். பைக் உடைந்துவிடுமே என்று ஒவ்வொரு வளைவிலும் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் பழக முடியாது.

பல்சர் ஆர்எஸ்200 எடு என்று நிறையப் பேர் சொன்னார்கள். நியாயமான பேச்சுத்தான். 199.5 சீசீ, 24.5 குதிரைவலு, பல்சர் சாமான் கிடைக்காத சந்தி வன்னியில் குறைவு. ஆனால் எடை 165 கிலோ, வீ2 136 கிலோ. இடையில் இருக்கிற 29 கிலோ கிட்டத்தட்ட அரை மூட்டை நெல். பிறேக் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் அந்த அரை மூட்டையையும் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும், வளைவில் சாய்க்கும்போது அதையும் சேர்த்துத்தான் சாய்க்க வேண்டும். பழகிய பிறகு பரவாயில்லை, பழகும்போது அது பெரிய விஷயம். அப்பாச்சி ஆர்டிஆர் 200 நல்ல பைக், ஆனால் நிமிர்ந்து இருந்து ஓடுவது, எனக்குக் குனிந்து இருக்கிற பைக் தேவைப்பட்டது, விட்டுவிட்டேன்.

வீ3 எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். 155 சீசீ, 19.3 குதிரைவலு, கியர் இறக்கும்போது பின் சில்லு தத்தாமல் காக்கிற ஸ்லிப்பர் கிளச், அகலமான ரயர், எல்லாம் கூடத்தான். காசு எட்டவில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்ற பிறகு பழைய பைக்குகள் போன விலை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2025இல் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் வரியையும் சேர்த்துப் பார்த்தால் என் சம்பளத்துக்கு அது இன்னும் தூரத்தில்தான் நிற்கிறது.

எனக்குக் கிடைத்த வீ2 விசுவமடுவில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்றது. கிளிநொச்சியில் கராச் வைத்திருக்கும் அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பைக்கைச் சுற்றிப் பார்க்கவே இல்லை, நேராகக் குந்தி இருந்து ஹாண்டிலை முழுதாக ஒரு பக்கம் திருப்பி, கழுத்துக்குக் கீழே விரலை விட்டுத் தடவினார். ஹாண்டில் முழுதாகத் திரும்பும்போது முட்டி நிற்கிற சிறு இரும்புக் குமிழ் அங்கே இருக்கிறது, பக்கத்துக்கு ஒன்று. "பார் தம்பி, இது நசுங்கியிருந்தா முன்பக்கம் பலமா அடிபட்டிருக்கு. பெயின்ற் அடிச்சு மிச்சம் எல்லாத்தையும் மறைக்கலாம், இதை மறைக்க ஏலாது" என்றார். இரண்டு குமிழும் சரியாக இருந்தன. அப்புறம் முன் சில்லைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஹாண்டிலை ஒரு விரலால் மெதுவாக ஆட்டினார். நடுவில் வரும்போது ஒரு சிறு தடக்கு. கழுத்துப் பெயாரிங் போய்விட்டது என்று அர்த்தம், நேர் வீதியிலேயே ஓடிய பைக்குக்கு நடுவில்தான் தேயும். அதைச் சொல்லி விலையைக் குறைத்தோம்.

இயந்திரத்தைக் குளிர வைக்கிற கூலன்ட் தாங்கியைத் திறந்தால் பச்சை நிறத்துக்குப் பதிலாகத் தேநீர் நிறம். ஓடியவர் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளைக் கட்டி கட்டுவது எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான், ரேடியேற்றரின் உள்ளேயும் அதே வேலையைத்தான் செய்யும். மூன்று தரம் கழுவ வேண்டி வந்தது. தண்ணீரில் குளிரும் பைக் எதை வன்னியில் பழசாக வாங்கினாலும் இந்த மூடியைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அதோடு பைக்கின் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடன் கட்டி முடியாத பைக் கை மாறுவது எங்கள் பக்கம் நிறைய நடக்கிறது.

பைக்கின் சங்கதிக்கு வருகிறேன். 149 சீசீ, 17 குதிரைவலு, 6 கியர். இதன் பெறுமதி இயந்திரத்தில் இல்லை, பைக்கின் இரும்புச் சட்டகத்தில் இருக்கிறது. ஹாண்டில் கழுத்திலிருந்து பின் சில்லைத் தாங்குகிற கை பூட்டுகிற இடம் வரைக்கும் இரண்டு பக்கமும் அகலமான இரும்புக் கைகள், டெல்ராபொக்ஸ் என்பார்கள். வளைவுக்குள் வேகமாகப் போய்ச் சாய்த்துவிட்டு அங்கே ஒரு மேடு வந்தாலும் பைக் முறுகாது, காட்டின கோட்டிலேயே போகும். கூடின சீசீ பைக்கில் வளைவில் விட்ட பிழையை வெளியே வரும்போது கைப்பிடியை முறுக்கி மறைத்துவிடலாம். இதில் அது நடக்காது. வளைவுக்குள் வேகத்தைத் தொலைத்தால் அடுத்த நேர்ப் பாதை முழுக்க அந்த இழப்பைச் சுமந்துகொண்டு போக வேண்டும். அதனாலேயே பிறேக்கை எப்போது விடுவது, எந்த இடத்தில் சாய்ப்பது என்பதெல்லாம் வேறு வழியில்லாமல் பழகுகிறது.

ரயர் விஷயத்தில் ஒரு கடையில் ஏமாறப் பார்த்தேன், தப்பியது தற்செயல். ரயரின் பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. அந்தக் கடையில் ஸ்ரிக்கரும் உரிக்காமல், புத்தம் புதிது என்று தந்த ரயரில் அந்த இலக்கம்தான் இருந்தது, அதுவும் வாசலில் வெயில் படும் இடத்தில் தொங்கியது. நகத்தால் அழுத்தினேன், பதியவே இல்லை. ரயர் புதுசுதான், ரப்பர் செத்துவிட்டது. வேறு கடையில், நான் வாங்கிய வருடத்திலேயே செய்த ரயரைத் தேடி வாங்கினேன், காசு கூடப் போனது, போகட்டும். 136 கிலோவையும் உங்களையும் நிலத்தோடு பிடித்து வைத்திருப்பது உள்ளங்கை அளவு ரப்பர்தான்.

பிறேக் ஒயிலையும் மாற்றினேன். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், வருடக்கணக்கில் மாற்றாமல் இருந்தால் ட்ராக்கில் சூடேறிக் கொதித்து, பிறேக் பிடி கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டும். வீதியில் ஒருநாளும் தெரியாத குறை இது. கூலன்ட்டை இறக்கிவிட்டுப் பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீரை ஊற்றினேன். கூலன்ட் தடத்தில் சிந்தினால் எண்ணெய் மாதிரி வழுக்கும், பின்னால் வருகிறவன் விழுவான். கண்ணாடிகளைக் கழற்றி, லைற்றுகளுக்கு ஒட்டுநாடா ஒட்டினால் பைக் தயார். உடுப்பு? கனடாவிலிருக்கும் பெரியம்மாவின் மகன் தன்னுடைய பழைய தோல் உடுப்பை அனுப்பினார், ஹெல்மெற்றும் கையுறையும் நான் வாங்கினேன். இவை இல்லாமல் பைக் வாங்கவே தொடங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ஓடியது களுத்துறைக்குப் பக்கத்தில், கட்டுக்குருந்தவில். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதை, மோட்டார் பந்தயங்களும் நடக்கிற இடம். கிளிநொச்சியிலிருந்து ஏறக்குறைய 370 கிலோமீற்றர். அத்தானின் பட்டா லொறியில் ஏற்றிக் கட்டி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு இரவோடு இரவாகப் போனோம்.

முதல் சுற்றுகளில் நேர்ப் பாதையில் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் நேர் முடிகிற இடத்தில், பெரிய பைக்குகள் நேரத்தோடு பிறேக் பிடித்து உருண்டு போகிற வளைவில், அவர்களின் பின் சில்லு எனக்குக் கிட்டக் கிட்ட வந்தது. கியரை ஆறிலிருந்து மூன்றுக்கு இறக்கும்போது என் பின் சில்லு டக் டக் என்று தத்தியது. வீ2வில் ஸ்லிப்பர் கிளச் இல்லை, கிளச்சை விடும் கணத்தில் கைப்பிடியை ஒரு சின்ன முறுக்கு முறுக்கி இயந்திரத்தின் வேகத்தை ஏற்றிக் கொடுக்க வேண்டும். வீதியில் அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அங்கே அரை நாளில் கைக்கு வந்துவிட்டது. பழக்க வந்த வயதான சிங்கள ஐயா ஒருவர் ஒவ்வொரு முறை நான் உள்ளே வந்து நிறுத்தும்போதும் என் ஹெல்மெற்றின் நாடியைப் பிடித்து வளைவு முடியும் பக்கம் திருப்பி, "தூர பாருங்க, தூர பாருங்க" என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் போலிருந்தது, எனக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. முன் சில்லுக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கியதும் தடம் திடீரென்று அகலமாகிவிட்டது.

பின்னேரம் பட்டாவில் ஏற்றும்போது பின் ரயரைப் பார்த்தேன். ஓரத்தில் முடி ஒன்றும் இல்லை, ரப்பர் உருகிச் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டிருந்தது. விரலால் தொட்டால் இன்னும் சூடு. கொஞ்ச நேரம் அதிலிருந்து கையை எடுக்கவே மனம் வரவில்லை.

இரண்டாவது முறை போனபோது விழுந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரயர் ஆறிப்போயிருந்தது, இரண்டு சுற்று மெதுவாக ஓடிச் சூடாக்காமல் முதல் வளைவிலேயே சாய்த்தேன், பிழை முழுக்க என்னுடையது. வழுக்கிப் போய்ப் புல்லில் நின்றது. தோல் உடுப்பில் முழங்கைப் பக்கம் ஒரு தேய்வு, எனக்கு ஒரு கீறலும் இல்லை. பைக்கில் பிறேக் பிடி உடைந்தது, கால் மிதி வளைந்தது, ஒரு பக்கப் பிளாஸ்ரிக் உரசுப்பட்டது. பிடியும் மிதியும் திங்கட்கிழமை பின்னேரமே கிளிநொச்சியில் கிடைத்துவிட்டன. வவுனியாவில் பார்த்த அந்த நான்கு சிலிண்டராக இருந்திருந்தால் இன்றைக்கும் கொட்டிலில் சாய்த்துத்தான் வைத்திருப்பேன்.

குறைகளும் உண்டு. முன் சொக் மெத்தென்று இருக்கும், பலமாகப் பிறேக் பிடித்தால் மூக்குக் குத்தும், தடித்த ஒயில் ஊற்றினால் கொஞ்சம் திருந்தும். பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் காக்கிற ஏபிஎஸ் இல்லை. தினமும் பரந்தனுக்கு வேலைக்குப் போகவும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், மணிக்கட்டு நொந்துபோகும். ஆறடிக்கு மேல் உயரமானவர்கள், 90 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் ஒருமுறை ஏறி இருந்து பார்த்துவிட்டே முடிவெடுங்கள், அவர்களுக்கு அந்த ஆர்எஸ்200 பொருந்தலாம். வருடத்துக்கு ஒரு தரம்தான் ஓடுவேன் என்றால் பைக்கே வாங்காமல், பலாலியிலிருந்து சென்னைக்கு ஏறி இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நடக்கும் பயிற்சிகளை விசாரிக்கலாம். 3.7 கிலோமீற்றர் நீளமான முறையான பந்தயத் தடம், பேசுவதும் எங்கள் மொழியில். எனக்கும் அங்கே ஓட ஆசை இருக்கிறது.

இப்போதைக்கு முன் சொக்கின் ஒயிலை மாற்றிவிட்டு, மாரி முடிந்ததும் மறுபடி கட்டுக்குருந்தவுக்குப் போவதாக இருக்கிறேன். பட்டாவில் இன்னும் ஒரு பைக்குக்கு இடம் இருக்கிறது. பரந்தனிலிருந்து ஓமந்தை வரைக்கும் யாராவது வருவதென்றால் சொல்லுங்கள், வழியில் நின்று ஏற்றிக்கொள்கிறோம். கயிறு கட்டும்போது மட்டும் ஹாண்டில் பிடியில் கட்டாமல் சொக்கைப் பிடித்திருக்கும் இரும்பில் கட்ட வேண்டும், அதை நான் வந்து காட்டித் தருகிறேன்.