ஈப்பர் போர்க்களச் சுற்றுலா: இலவச இடங்களுக்கு நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள்

பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தில், முதல் உலகப் போர்க்களங்கள் சூழ்ந்த ஈப்பர் நகருக்குப் போகத் திட்டமிட்டிருப்பவர்கள், குறிப்பாக ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துச் செல்ல நினைப்பவர்கள், போர்க்களத்தையும் மிதிவண்டிப் பயணத்தையும் சேர்த்து இணையத்தில் விற்கப்படும் ஒருநாள் தொகுப்பு எதையும் வாங்கும் முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கடந்த கோடையில் நானும் மனைவியும் அவருடைய பெற்றோரும் தலைக்கு 89 யூரோ செலுத்தி அப்படியொரு தொகுப்பில் சென்றோம். அந்தத் தொகையில் பெரும்பகுதி, உலகில் யாரிடமும் கட்டணம் வசூலிக்காத இடங்களுக்கான ‘நுழைவுக் கட்டணம்’ என்று ரசீதிலேயே அச்சிட்டிருந்தார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரை விட அவர்கள் விற்கும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் பயன்படும். ஏனெனில் இதே வாசகங்களோடு வேறு பெயர்களிலும் விளம்பரங்கள் வருகின்றன.

தொகுப்பில் அவர்கள் உறுதியளித்தவை இவை: மெனின் வாயில் என்ற நினைவு வளைவில் நடக்கும் லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி நிகழ்ச்சிக்கு முன்வரிசையில் ஒதுக்கப்பட்ட இடம், மூன்று போர்க் கல்லறைத் தோட்டங்களுக்கு அனுமதிச் சீட்டு, ‘இந்தியச் சிப்பாய்களின் பாதை’ என்ற சிறப்புப் பகுதி, பிற்பகலில் மின்சார மிதிவண்டி, நாள் முழுவதும் வழிகாட்டி.

முதலில் மெனின் வாயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் ஈப்பரைச் சுற்றி இறந்து, உடல் கிடைக்காமலோ அடையாளம் தெரியாமலோ போன 54,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் பேரரசுப் படைவீரர்களின் பெயர்கள் செதுக்கப்பட்ட அந்த நினைவு வளைவு 1927 ஜூலையில் திறக்கப்பட்டது. 1928 முதல் அங்கே ஒவ்வொரு நாளும் இரவு 8 மணிக்குச் சாலைப் போக்குவரத்தை நிறுத்தி, உள்ளூர்த் தீயணைப்புப் படையைச் சேர்ந்தவர்கள் பியூகிள் என்ற ஊதுகருவியை ஊதி அஞ்சலி செலுத்துகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்திருந்த ஆண்டுகளில் அது இங்கிலாந்தில் நடந்தது; 1944 செப்டம்பர் 6 அன்று போலந்துப் படை ஊரை விடுவித்த அதே மாலையில், சண்டை முழுதாக ஓயும் முன்பே, மீண்டும் இங்கே ஊதினார்கள். இத்தனை ஆண்டுகளில் யாரும் இதைப் பார்க்கச் சீட்டு வாங்கியதில்லை. மலர்வளையம் வைக்க விரும்பும் குழுக்கள் மட்டும் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். பார்ப்பவர்கள் வந்து நின்றால் போதும்.

எங்களுக்கோ ஆளுக்கொரு காகிதப் பட்டை மணிக்கட்டில் ஒட்டப்பட்டது. ஆரஞ்சு நிறம், கருப்புப் பட்டைக் குறியீடு, அதன் கீழே பொன்னிற எழுத்தில் ‘முன்வரிசை’. இரவு 7.50-க்கு வாயிலுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதற்குள் இருபுறமும் பள்ளி மாணவர்களும் முதியவர்களும் நான்கைந்து வரிசையாக நின்றிருந்தார்கள். எங்கள் முன்வரிசை எங்கேயும் இல்லை. “மாப்பிள்ளை, இந்தச் சீட்டை யாரிடம் காட்ட வேண்டும்?” என்று மாமனார் கேட்டபோது, கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒருவரிடம் அவருடைய கையை நீட்டிக் காட்டினேன். அவர் அந்தப் பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கே எதற்கும் பணம் கிடையாது, யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டார். வயதானவர் என்பதால் தூண் ஓரமாக மாமனாருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தவரும் அவர்தான். வழிகாட்டி அப்போது வண்டியை நிறுத்தப் போயிருந்தார்.

கல்லறைத் தோட்டங்களிலும் இதே கதைதான். பாசெண்டேல் அருகிலுள்ள டைன் காட், காமன்வெல்த் போர்க் கல்லறைகளில் உலகிலேயே பெரியது. கிட்டத்தட்ட 12,000 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள், அவர்களில் 8,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கல்லில் பெயர் இல்லை. வாசலில் சீட்டுக் கொடுக்கும் கூண்டு எதுவும் கிடையாது. பார்வையாளர் மையமும் இலவசமே. லாங்கமார்க்கில் உள்ள ஜெர்மன் கல்லறைத் தோட்டமும், ஜான் மெக்ரே என்ற கனடிய மருத்துவர் 1915 மே மாதத்தில் பணியாற்றிய சிகிச்சை முகாமை ஒட்டி எழுந்த எஸ்ஸெக்ஸ் ஃபார்ம் தோட்டமும் அப்படியே திறந்து கிடப்பவை. வழிகாட்டி வண்டிக்குள்ளேயே சிறு அச்சுச் சீட்டுகளைக் கொடுத்து, வாசலில் அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். இந்த நாடகம் எதற்கென்று அப்போது விளங்கவில்லை; ரசீதில் ‘மூன்று நுழைவுகள்’ என்ற வரியைப் பார்த்த பின்புதான் விளங்கியது. டைன் காட்டில் கொடுத்த நேரம் வெறும் இருபது நிமிடம். நடக்கச் சிரமப்படும் மாமியார் பின்சுவரில் செதுக்கிய பெயர்கள் வரை போய்ச் சேருவதற்குள் வண்டியிலிருந்து ஹாரன் அடித்தார்கள். கல்லறை வாசலில் ஹாரன்.

என்னை மிகவும் புண்படுத்தியது ‘இந்தியச் சிப்பாய்களின் பாதை’தான். 1914 அக்டோபர் 31 அன்று ஹொல்லபேக என்ற கிராமத்தருகே, காயமுற்ற நிலையிலும் இயந்திரத் துப்பாக்கியை விடாமல் இயக்கிய பலூச் படைப்பிரிவுச் சிப்பாய் குதாதாத் கான், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியப் படைவீரர். அவர் இன்றைய பாகிஸ்தானின் சக்வால் பகுதியைச் சேர்ந்தவர். அந்தக் கிராமத்துக்குப் போவதாக விளம்பரத்தில் படத்தோடு போட்டிருந்தார்கள். வண்டி அந்தப் பக்கமே திரும்பவில்லை. மெனின் வாயிலை ஒட்டிய கோட்டைமேட்டில் இந்தியப் படைகளுக்கென்று அசோகச் சிங்கங்களோடு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதையும் வண்டிக்குள்ளிருந்தே கைகாட்டினார்கள். இந்தியப் படை இங்கே நான்கு ஆண்டுகளும் போரிட்டது என்று வழிகாட்டி விளக்கினார். உண்மையில் இந்தியக் காலாட்படையை 1915-இன் இறுதியிலேயே மேற்குக் களத்திலிருந்து எடுத்து மெசபொத்தேமியாவுக்கு அனுப்பிவிட்டார்கள், குதிரைப்படைதான் நீடித்தது. பள்ளிப் பாடத்தில் வருகிற செய்தியில்லை, சாதாரண ஆள் தவறலாம். ஆனால் இதைச் ‘சிறப்புப் பகுதி’ என்று தனி விலை போட்டு விற்பவர் தவறக் கூடாது.

இடையில் ஒரு வாகன நிறுத்தத்தில் வழிகாட்டி வண்டியின் பின்கதவைத் திறந்து, துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் ஈயக் குண்டுகளையும் துணி மேல் பரப்பி, ‘இன்று காலை வயலில் எடுத்தது’ என்று சொல்லி விற்றார். நாங்கள் வாங்கவில்லை. நீங்களும் வாங்க வேண்டாம். ஃபிளாண்டர்ஸில் அனுமதி பெற்றவர்கள் மட்டுமே உலோகமறியும் கருவியோடு மண்ணைத் தேடலாம். உழும்போது வெடிக்காத குண்டுகள் இன்றும் கிளம்புகின்றன. அவற்றைச் செயலிழக்கச் செய்யும் ராணுவப் பிரிவு பக்கத்தில் பூல்கப்பெல்லவிலேயே இருக்கிறது. இத்தகைய பொருளைப் பையில் வைத்துக்கொண்டு விமான நிலையச் சோதனைக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மிதிவண்டி விஷயம் தனி மோசடி. மின்சார வண்டி என்று சொல்லிவிட்டுச் சாதாரண வண்டிகளைக் கொடுத்தார்கள். ஒன்றில் சங்கிலி தளர்ந்து, மிதிக்க மிதிக்க நழுவியது. வண்டிக்கு 150 யூரோ வீதம் காப்புத்தொகையைக் கார்டில் பிடித்துவைத்தார்கள். திருப்பிக் கொடுத்தபோது, பின்சக்கர மட்காட்டில் கீறல் என்று ஒரு வண்டிக்கு 60 யூரோ கழித்துக்கொண்டார்கள். வண்டியை வாங்கிய கையோடு, அதன் அருகில் மாமனாரை நிறுத்தி என் மனைவி படம் எடுத்திருந்தார். அந்தப் படத்தில் அதே கீறல் தெளிவாகத் தெரிகிறது. எந்த ஊரில் வாடகைக்கு எடுத்தாலும் வண்டியின் நான்கு பக்கத்தையும் நேரம் பதியுமாறு படம் எடுத்துவிடுங்கள். பயணத் திட்டத்தில் கெம்மல்பெர்க் குன்றும் இருந்தது. உயரம் 156 மீட்டர்தான் என்றாலும், சைக்கிள் பந்தய வீரர்களே திணறும் செங்குத்தான கருங்கல் பாதை அது. அறுபதைக் கடந்தவர்களுக்கு மின்சார உதவியில்லாத வண்டியைக் கொடுத்து அங்கே அனுப்ப நினைத்ததை அலட்சியம் என்றுதான் சொல்ல வேண்டும். நாங்கள் ஏறவில்லை.

இத்தனைக்கும் இந்த ஊரைத் தரகர் யாரும் இல்லாமல் நிதானமாகப் பார்க்கலாம். கோர்ட்ரைக் வழியாக ரயிலில் வந்து இறங்கினால் சந்தைச் சதுக்கம் நடக்கும் தொலைவில்தான். போரில் தரைமட்டமாகி மீண்டும் கட்டப்பட்ட துணி மண்டபத்தில் சுற்றுலாத் தகவல் மையம் இருக்கிறது. அதே கட்டடத்தில் உள்ள போர் அருங்காட்சியகத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு, அது கொடுக்கத் தகுந்த கட்டணம். கோட்டைமதில் மேல் அகழியை ஒட்டி நடக்கும் பாதை சுமார் 2.6 கிலோமீட்டர், மரநிழலும் இருக்கைகளும் இருப்பதால் பெரியவர்களுக்கு ஏற்றது, மெனின் வாயிலிலிருந்து இந்திய நினைவுச்சின்னத்தைப் பார்த்துக்கொண்டே லில் வாயில் வரை போகலாம். மிதிவண்டிக்கு வழிகாட்டியே வேண்டாம். 1995-இல் லிம்பர்க் மாகாணத்தில் தொடங்கி நாடெங்கும் பரவிய எண்முறை வழித்தடம் இங்கும் உண்டு. போக வேண்டிய சந்திப்புகளின் எண்களை ஒரு துண்டுத்தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு, வழியிலுள்ள பலகைகளைப் பின்பற்றினால் போதும். கால்வாய்க் கரையோரமாக எஸ்ஸெக்ஸ் ஃபார்ம் வரை பாதை சமதளம். மாலையில் மெனின் வாயிலுக்குக் கோடையில் 7.15-க்குள் போய்விடுங்கள், தூணோரம் இடம் கிடைக்கும்.

இனி, பணத்தைத் திரும்பக் கேட்ட விவரம். குறிப்பிட்ட தேதிக்கான பொழுதுபோக்குச் சேவை என்பதால் இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை பொருந்தாது என்று நிறுவனம் பதில் எழுதியது. ஐரோப்பிய விதியில் அப்படியொரு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் நாங்கள் கேட்டது ரத்து அல்ல. இல்லாத நுழைவுக் கட்டணத்தை இருப்பதாகக் காட்டி விற்றதும், சொன்ன வண்டியைத் தராததும், சொன்ன இடத்துக்குக் கூட்டிப்போகாததும் அந்த விலக்குக்குள் வரமாட்டா. இந்த வேறுபாட்டைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது; இல்லாவிட்டால் அதே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பிக் காலத்தைக் கடத்துகிறார்கள். கார்டு வழங்கிய வங்கியில் விளம்பரப் பக்கத்தின் படம், ரசீது, மணிக்கட்டுப் பட்டை, மட்காட்டுப் படம் ஆகியவற்றை இணைத்து, பணத்தைத் திருப்பக் கேட்கும் மறுப்பு விண்ணப்பம் கொடுத்தோம். கீறலுக்காகப் பிடித்த 60 யூரோ திரும்பி வந்துவிட்டது. மீதித் தொகைக்குப் பெல்ஜிய அரசின் பொருளாதாரத் துறையின் இணையவழிப் புகார்ப் பக்கத்தில் பதிவு செய்துவிட்டு, கட்டணமில்லாத நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்புக்கும் எழுதியிருக்கிறோம். பதில் வந்ததும் இந்தப் பதிவின் கீழேயே சேர்க்கிறேன். இதே தொகுப்பை வாங்கியவர்கள் யாராவது இருந்தால், உங்கள் ரசீதிலும் ‘மூன்று நுழைவுகள்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ரசீதுகளைச் சேர்த்துக் காட்டினால் புகாருக்கு வலு கூடும்.