முற்றத்துப் புல்லுக்கு யூரியாவா, கூட்டெருவா? கிணற்றை முன்வைத்து ஒரு ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கட்டும் வீடுகளிலும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காசு அனுப்பித் திருத்தும் பழைய வீடுகளிலும் முன்பக்கம் புல்தரை போடுவது வழக்கமாகிவிட்டது. எங்கள் வளவிலும் ஏறக்குறைய ஒரு பரப்பு, அதாவது 250 சதுர மீற்றர் அளவு, புல் இருக்கிறது. அதற்கு என்ன பசளை போடுவது என்று முடிவெடுக்க வேண்டி வந்தபோது மூன்று வழிகள் முன்னால் இருந்தன: யூரியா, மெல்லக் கரையும் பூச்சுப் பசளை, மாட்டெருவோடு சேர்த்த கூட்டெரு. நான் கூட்டெருவைத்தான் எடுத்தேன். அதனால் இது நடுநிலையான எழுத்து என்று சொல்லமாட்டேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். யூரியா லேசானது, ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு போய்த் தூவிவிடலாம், அதில் 46 வீதம் நைதரசன். ஒரு கிழமையில் புல் கரும்பச்சையாக நிற்கும். எருவை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி இறக்க வேண்டும், பரவ ஆள் வேண்டும், இரண்டு மூன்று நாள் மணக்கும், சரியாக மக்காவிட்டால் கோரையும் கூடவே வரும். நிறத்திலும் எருப் புல் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். வசதியையும் அழகையும் மட்டும் பார்த்தால் யூரியாதான் வெல்லும். சரி, அது அவ்வளவுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொரு கேள்வி. புல் எடுத்தது போக மிஞ்சும் பசளை எங்கே போகிறது?

ஆறு ஓடும் ஊர்களில் இதற்கு விடை வெளிப்படையாகத் தெரியும். மழையில் கழுவுண்டு வாய்க்காலுக்குப் போய், அங்கிருந்து ஆற்றுக்குப் போய், பாசி படர்ந்து மீன் செத்து மிதக்கும். குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடல்நீரேரிக்குள் விழும் வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். எங்களுடைய நீர்வழி காலுக்குக் கீழே இருக்கிறது. மயோசின் காலத்துச் சுண்ணக்கல், அதில் வெடிப்பும் குகையும் பொந்தும். அந்த இடைவெளிகளில் மழைநீர் தேங்கி, அடியில் இருக்கும் உப்புநீருக்கு மேலே ஒரு நன்னீர்ப் படையாக நிற்கிறது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று நாலு பகுதிகளாக அந்த நீர் பிரிந்து கிடக்கிறது. எல்லாருடைய கிணறும் அதில்தான் வாய் வைத்திருக்கிறது. நான் என் முற்றத்தில் போடுவது முதலில் என் கிணற்றுக்கும், அடுத்ததாகப் பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் போகும். வேலிக்குக் கீழே நிலத்தடி நீருக்கு எல்லை கிடையாது.

மண்ணும் இதைத் தடுக்காது. வலிகாமத்துச் செம்பாட்டு மண் நீரை விறுவிறு என்று உள்ளே விடும். யூரியா ஈரம் பட்டதும் சில நாட்களில் அமோனியமாக மாறும். எங்கள் சூட்டில் அடுத்த ஓரிரு கிழமைக்குள் அது நைத்திரேற்றாகும். அமோனியத்தை மண் பிடித்து வைத்திருக்கும், நைத்திரேற்றைப் பிடிக்காது. நீர் எங்கே இறங்குகிறதோ அங்கே அதுவும் இறங்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுண்ணம் கலந்த காரமான மண்ணில் யூரியாவைத் தூவிவிட்டுச் சும்மா விட்டால் ஒரு பங்கு அமோனியா வாயுவாகப் பறந்துபோகும். அதைத் தடுக்க உடனே நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். தண்ணீரைக் கூட விட்டால் அது வேரைத் தாண்டிக் கீழே போகும். இரண்டுக்கும் நடுவே அளவு பிடிப்பது, குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சாதாரண வீட்டுக்காரருக்கு மிகவும் கஷ்டம்.

இனி ஒரு கணக்கு. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம் நைதரசன் இருக்கிறது. அது முழுவதும் நைத்திரேற்றாக மாறினால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வரும். துளி நைத்திரேற்றும் இல்லாத 40,000 லீற்றர் நீரை அந்த 50 மில்லிகிராம் எல்லைக்குக் கொண்டுவர அது போதும். வீட்டுக்கு மேலே வைக்கும் ஆயிரம் லீற்றர் தாங்கியில் நாற்பது. முழுவதும் கீழே போகாது, புல் ஒரு பங்கை எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பாதி போனாலும் இருபது தாங்கி. யூரியா பையைப் பிரித்தவர்கள் ஒரு பரப்புக்கு ஒரு கிலோவோடு நிறுத்துவதும் இல்லை.

சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தபோது ஊரே எழும்பியது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மணத்தது. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. கொதிக்க வைத்தால் போகாது, நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து பிள்ளை நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. தோட்டங்களுக்கு நடுவே உள்ள வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று எல்லை மீறி இருப்பதை 1980களில் இருந்தே ஆய்வுகள் காட்டி வந்திருக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். பெரும்பங்கு வெங்காயத் தோட்டத்தாலும் புகையிலைத் தோட்டத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் வருகிறது, முற்றத்துப் புல் எந்த மூலைக்கு? அளவில் அது சரியே. ஆனால் தோட்டக்காரர் போடும் பசளையில் ஒரு பங்கு வெங்காயமாகச் சந்தைக்குப் போகிறது, அதில் ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. புல்தரையில் இருந்து எதுவும் வெளியே போவதில்லை. வெட்டிய புல்லை அங்கேயே விட்டால் அதில் இருந்த நைதரசனும் அங்கேயே கிடக்கும். புல்லின் ஆண்டுத் தேவையில் கால் பங்கு வரை அதிலேயே கிடைத்துவிடும். தோட்டத்துக்கு இருக்கும் தேவை புல்லுக்கு இல்லை. அதோடு, தோட்டம் அரை மைல் தள்ளி இருக்கலாம், புல் கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

என்னை முழுதாக மாற்றியது இனிச் சொல்லப்போகும் கணக்குத்தான். கோடையில் புல் வாடாமல் இருக்க நாளுக்கு 5 மில்லிமீற்றர் அளவு நீர் வேண்டும். ஒரு பரப்பின் 250 சதுர மீற்றருக்கு அது நாளுக்கு 1,250 லீற்றர். நூறு நாளுக்கு 1,25,000 லீற்றர். அந்தக் கிணற்று நீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்தால், நூறு நாளில் புல்லுக்குப் போய்ச் சேரும் நைதரசன் ஏறக்குறைய 1.4 கிலோ. மூன்று கிலோ யூரியாவுக்குச் சமம்! புல்தரைக்கு ஒரு தடவைக்குச் சதுர மீற்றருக்கு 5 கிராம் நைதரசன் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அந்த முழுத் தடவையும் மோட்டர் போட்டு இறைக்கும் தண்ணீரிலேயே வந்துவிடுகிறது. அதற்கு மேலே யூரியா தூவுவது, சாப்பிட்டு எழும்பியவருக்கு மறுபடி இலை போடுவது போலத்தான். தண்ணீரில் வரும் நைதரசனை அப்படியே புல்லுக்கு எடுக்கக் கொடுத்தால் கிணற்றின் சுமையும் கொஞ்சம் குறையும்.

அப்படியென்றால் கூட்டெரு மட்டும் எதற்கு? எருவை நான் நைதரசனுக்காகப் போடவில்லை. மண் நீரைப் பிடித்து வைக்க வேண்டும் என்பதற்காகப் போடுகிறேன். செம்பாட்டில் இல்லாதது அதுதான். மக்கிய எரு கலந்த மண்ணில் ஈரம் நிற்கும், வேர் ஆழமாகப் போகும், இறைப்பு குறையும். கோடையில் அளவுக்கு மேல் இறைத்தால் அடியில் இருக்கும் உப்புநீர் மேலேறிக் கிணறு சவராகும், ஆகவே இறைப்பைக் குறைப்பதே பெரிய காரியம். காய்ந்த மாட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று அளவில்தான் இருக்கும், அதிலும் சிறு பங்குதான் முதல் ஆண்டில் வெளிவரும். மாரி வரும்போது கரைந்து ஓடத் தயாராக நிற்பது மிகக் குறைவு. எங்கள் பெரியவர்கள் தோட்டத்துக்குக் குழையை (பச்சிலையை) மண்ணில் தாழ்த்தியதும், பனையோலை புதைத்ததும், ஆட்டுப்பட்டி அடைத்ததும் இதே அடிப்படையில்தான்.

எருவும் குற்றமற்றது அல்ல. கோழி எருவை நான் சேர்ப்பதில்லை. அதில் நைதரசன் மாட்டெருவைவிட இரண்டு மூன்று மடங்கு, வேகமாகவும் கரையும், பொசுபரசும் கூட. ஈரச் சாணகத்தை அப்படியே கொட்டினால் அதுவும் கிணற்றைக் கெடுக்கும், கிருமியும் சேரும். ஐப்பசிக்கு முன்னால் குவித்து வைத்த எருக்குவியல் கார்த்திகை மழையில் கரைந்து ஒழுங்கைக்கு ஓடுவதையும் பார்க்கலாம். எரு என்பதற்காக அளவில்லாமல் போடலாம் என்ற எண்ணம் சரியில்லை.

மெல்லக் கரையும் பூச்சுப் பசளை பற்றி என் அனுபவம் குறைவு. யூரியா மணிகளுக்குக் கந்தகமோ பிளாஸ்டிக்கோ பூசி, சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடச் செய்வார்கள். குளிர்நாட்டுப் புல்தரைகளுக்கு அது நல்ல வழி என்பதை ஏற்கிறேன். எங்கள் வெயிலில் மண் சூடு கூடுதலாக இருப்பதால் பையில் போட்டிருக்கும் காலத்தைவிட விரைவாகவே கரையும் என்று நினைக்கிறேன், ஆனால் சொந்தமாகப் போட்டுப் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் பூச்சு மண்ணிலேயே தங்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட வேப்பம் பிண்ணாக்கு கையருகே கிடைப்பது. அமோனியம் நைத்திரேற்றாக மாறுவதை அது தாமதிக்கச் செய்யும். இந்தியாவில் 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று ஆக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்த அந்த மாதங்களைத் தோட்டக்காரர் யாரும் மறக்கமாட்டார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தியதால் விளைச்சல் விழுந்தது, சேதனப் பசளை என்ற பேச்சுக்கே பலருக்கு வெறுப்பு வந்தது. நான் சொல்வது வாழ்வாதாரத்துக்கு உரியதல்ல, முற்றத்துப் புல்லுக்கு மட்டும். அங்கே யாருக்கும் எந்த நட்டமும் இல்லை.

நகர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு மேலே ஓடும் நீரும் ஒரு விஷயம். சீமெந்து நடைபாதையில் சிதறிய பசளை மணிகள் முதல் மழையிலேயே வெள்ளவாய்க்காலுக்குப் போகும், அங்கிருந்து குளத்துக்கோ கடல்நீரேரிக்கோ. ஆரியகுளம், புல்லுக்குளம் போன்ற தேங்கிய நீருக்குப் பொசுபரசுதான் முதல் ஆபத்து, அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். கடல்நீரேரிக்கு நைதரசன். வாய்க்கால் ஓரமாக ஒரு மூன்று மீற்றர் அகலத்துக்குப் பசளை எதுவும் போடாமல் செடி வைத்துவிட்டால் ஒரு பங்கு அங்கேயே தங்கும்.

புல் வகையும் முக்கியம். நாற்றுத் தவறணைகளில் அதிகம் விற்கும் அகல இலை மலேசியன் புல்லுக்கு ஈரமும் நிழலும் வேண்டும், சவர் நீரில் நிற்காது. நான் போட்டது அறுகு. சவரைத் தாங்கும், கோடையில் காய்ந்தாலும் மழைக்குத் தளிர்க்கும். தை மாதம், மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் நிற்கும்போது, நன்றாக மக்கிய எருவை அரித்து அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் போகாமல் பரவி விளக்குமாற்றால் தட்டி விடுகிறேன். ஆண்டுக்கு அவ்வளவுதான். மெதுவாக வளர்வதால் வெட்டும் வேலையும் குறைவு. மணல் முற்றமும் நாலு மரமும் போதும் என்று இருப்பவர்கள் என்னைவிட ஒரு படி மேலே.

யூரியாதான் போடுவேன் என்பவர்களுக்கு: ஒரு பரப்புக்கு 2.7 கிலோ என்பது முழு அளவு, கிணற்றுநீர் இறைப்பவர் அதில் பாதிக்கு மேல் போகத் தேவையில்லை. தை, மாசியில் போடுங்கள். புரட்டாதி முதல் மார்கழி வரை பையைத் திறக்க வேண்டாம், ஆண்டு மழையின் பெரும்பங்கு அந்தக் காலத்தில்தான் விழுகிறது. கிணற்றைச் சுற்றியுள்ள புல்லுக்குப் போடாதீர்கள். சீமெந்தில் விழுந்ததைக் கூட்டி அள்ளிப் புல்லுக்குள் போடுங்கள். கைக்குழந்தைக்குக் கிணற்று நீரில் பால்மா கரைக்கும் வீடானால், அந்தப் பாதி அளவும் வேண்டாம்.