குறுகலா, அகலமா: பழைய லேண்ட் ரோவருக்கு எந்த டயர்?
டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது அப்பாவின் சீரீஸ் 3 லேண்ட் ரோவர். டயரின் பக்கவாட்டில் நகம் நுழையும் அளவு வெடிப்பு. மாற்றியே ஆக வேண்டும். குறுகலான 7.50-16 (அகலம் 7.50 அங்குலம்) போடுவதா, அகலமான 235/85-16 (அகலம் 235 மி.மீ.) போடுவதா? உயரம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் வேகமானி பெரிதாக மாறாது.

வித்தியாசம் அகலத்தில். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் அகல டயரைப் போட்டு, நின்ற இடத்தில் திருப்பிப் பாருங்கள், தோள்பட்டை கழன்றுவிடும்! லெசோத்தோ எல்லையிலுள்ள சானி கணவாயில் 2,876 மீட்டர் உச்சிக்கு வளைந்து வளைந்து ஏறும்போது இது சின்ன விஷயமே இல்லை. சேற்றிலும் குறுகல் டயர்தான் கீழே இறங்கிக் கெட்டித் தரையைப் பிடிக்கும்.

கோசி பே கடலோர மணலில் அகலம் மேல், சரி. ஆனால் காற்றைக் குறைத்தால் குறுகலும் நீளவாக்கில் படர்ந்து சமாளிக்கும். அப்புறம், அகலத்துக்கு ஏற்ற ரிம்மும் வேண்டும்.

நான் 7.50 ரேடியல் வகை டயரையே போடுகிறேன், புது டியூபோடு.