மூங்கிலுக்கு நடுவே மஞ்சளா, இஞ்சியா?

மூங்கில் நட்டால் முதல் வெட்டுக்கு நாலைந்து வருஷம் காத்திருக்க வேண்டும். 2017-ல் வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். முள் இல்லாத பீமா மூங்கில் நாற்றும் கிடைக்கிறது. அதனால் ஈரோடு, கோவைப் பக்கம் மூங்கில் வைக்கும் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அந்த நாலு வருஷத்துக்கும் பண்ணையம் ஓட வேண்டுமே! ஊடுபயிராக நறுமணப் பயிர் போடலாம் என்று பேச ஆரம்பித்தால், பேச்சு கடைசியில் மஞ்சள், இஞ்சி இரண்டில் வந்து நிற்கிறது. நான் மஞ்சள் பக்கம். அதுவும் முதல் மூன்று வருஷத்துக்கு மட்டும்.

நிழலை மட்டும் பார்த்தால் இஞ்சிதான் ஜெயிக்கும். வைகாசி வெயிலில் இஞ்சித் தழை கருகும். கால் பங்கு நிழல் கிடைத்தால் செழிக்கும். மஞ்சள் அந்த அளவு நிழலைத் தாங்கும், ஆனால் நிழல் கூடக்கூட விரலி, அதாவது விரல் போன்ற கிழங்கு, மெலிந்துபோகும். சரி, அப்போது இஞ்சியே போடலாமே என்றால், தண்ணீர் குறுக்கே நிற்கிறது. இஞ்சி 1,500 மில்லிமீட்டர் மழையில் பழகிய பயிர். கொங்குச் சமவெளியில் வருஷத்துக்கு 600, 700 பெய்தாலே நல்ல மழை என்போம். மீதியைக் கிணறும் வாய்க்காலும் கொடுக்க வேண்டும். அப்படிப் பாய்ச்சிய தண்ணீர் கொஞ்சம் தேங்கினாலும் கிழங்கழுகல் வந்துவிடும். ஒரு பாத்தியில் வந்தது பாய்கிற தண்ணீரோடு அடுத்த பாத்திக்கும் போகும். வடிகால் நல்ல செம்மண்ணில் சொட்டுநீர் வைத்தவர் துணிந்து பார்க்கலாம். களிமண் பூமிக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன். மஞ்சளுக்கும் அழுகல் உண்டு, நிழலும் ஈரமும் சேர்ந்தால் இலைப்புள்ளியும் வரும். ஆனால் இந்த மண்ணில் அதை எப்படிச் சமாளிப்பது என்று நம் ஆட்களுக்குக் கைப்பழக்கம் இருக்கிறது.

விற்பனையில் வித்தியாசம் இன்னும் பெரிது. இஞ்சியைத் தோண்டினால் பச்சையாகவே விற்றுவிடலாம், வேக வைக்கிற வேலை இல்லை. மஞ்சளை வேக வைத்து, பத்துப் பதினைந்து நாள் காய வைத்து, மெருகேற்ற வேண்டும். நூறு கிலோ பச்சை மஞ்சள் காய்ந்தால் இருபது கிலோ அளவுக்குத்தான் நிற்கும். இவ்வளவு பாடு பட்டாலும் ஒரு பெரிய லாபம்: காய்ந்த மஞ்சள் மூட்டையில் காத்திருக்கும். 2010-ல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது, பிறகு அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. விலை இல்லாத வருஷம் மூட்டையை அடுக்கி வைத்துவிட்டு மூச்சு விடலாம். பச்சை இஞ்சி அப்படிக் காத்திருக்காது, சுக்கு போட்டால்தான் நிற்கும்.

மூங்கிலின் வேலையும் மஞ்சளின் வேலையும் ஒரே நாட்காட்டியில் பொருந்துவது எனக்குப் பிடித்த விஷயம். மூங்கிலில் புது முளை மழைக்காலத்தில் வரும். அந்த நேரத்தில் மஞ்சளுக்கு மண் அணைப்போம், மூங்கில் தூருக்கும் (அடிக் குத்துக்கும்) சேர்த்து அணைத்துவிடலாம். தை, மாசியில் மஞ்சள் வெட்டு. அப்போது முளை இருக்காது, மிதிபடும் கவலை இல்லை. கழி வெட்டவும் அதுவே பருவம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று மஞ்சள் இலையைக் கிழித்துப் போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேற்கே ஒரு மூங்கில் வரிசை எவ்வளவு பெரிய காவல் என்று. வரிசையை வடக்கு தெற்காக ஓட்டுங்கள். காற்றும் தடுபடும், நடுவில் இருக்கும் மஞ்சள் பாருக்கு (மண் அணைத்த வரிசைக்கு) வெயிலும் கிடைக்கும்.

வேரில்தான் சிக்கல். மாமா தோட்டத்தில் மூன்றாம் வருஷ வெட்டுக்குப் போயிருந்தேன். நடுப் பாரில் கொத்திப் புரட்டிய மஞ்சள் உள்ளங்கை நிறைய வந்தது. தூரை ஒட்டிய பாரில் கட்டியை உடைத்தால், தேங்காய் நாரைச் சுற்றியது போல மூங்கில் வேர். அதற்குள் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத விரலி.

"ஏனுங்க மாமா, இந்தப் பார் மட்டும் இப்படி இருக்குது?"

"தண்ணியையும் எருவையும் மூங்கில் முந்திக் குடிச்சிருச்சு மாப்ள. வாய்க்கா எடுத்திருக்கோணும்."

தூரிலிருந்து ஐந்தடி தள்ளி, இரண்டடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் தோண்டி, ஒவ்வொரு வருஷமும் நடவுக்கு முன் அதில் எட்டிப் பார்க்கும் வேரை வெட்ட வேண்டும். 13-க்கு 13 அடியில் ஏக்கருக்கு 250 தூர் வைத்தால் இதற்கு இடமே இருக்காது. வரிசைக்கு வரிசை 20 அடி, தூருக்குத் தூர் 13 அடி என்று வைத்தால் 165 தூர் சொச்சம் நிற்கும். முதல் வருஷம் இருபுறமும் இரண்டடி விட்டாலும் 16 அடிக்கு மஞ்சள் போடலாம். மூன்றாம் வருஷம் பத்தடிதான், அதாவது பாதி நிலம். விதை மஞ்சளையும் அதற்கேற்பப் பாதியாகக் குறைத்து வாங்குங்கள்.

மிளகாய் வெயில் கேட்கும் பயிர், முதல் வருஷத்தோடு சரி. மிளகுக்கொடியை மூங்கிலில் ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கழி வழவழப்பானது, கொடி பிடிக்காது. பிடித்தாலும் முற்றிய கழியை வெட்டும்போது கொடியும் போய்விடும். ஆனைமலை அடிவாரத்துத் தென்னையில் ஏற்றுவது வேறு கதை.

தடாகம், மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம் என்று மலையை ஒட்டிய தோட்டக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. யானை மஞ்சளையும் இஞ்சியையும் அதிகம் சீண்டாது. மூங்கில் அதற்கு விருந்து. அங்கே மஞ்சள் மட்டும் போடுங்கள், மூங்கில் வேண்டாம்.