விருப்பத்துக்கும் வருத்தத்துக்கும் ஆங்கிலத்தில் எந்த அமைப்பு?

காப்பியைவிடத் தேநீர் பிடிக்கும் என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது நம்மில் பலர் ‘ஐ ப்ரிஃபர் டீ தேன் காஃபி’ என்று எழுதிவிடுகிறோம். தமிழில் ‘விட’ வரும் இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் ‘தேன்’ வரும் என்று பள்ளியில் பழகிய மனம், இங்கும் அதையே கொண்டுவந்து வைப்பதுதான் காரணம். ‘ப்ரிஃபர்’ லத்தீனிலிருந்து வந்த சொல். ‘முன்னால் கொண்டு வைத்தல்’ என்பது அதன் வேர்ப்பொருள். காப்பிக்கு முன்னால் தேநீரை வைக்கிறோம் என்று எண்ணிக்கொண்டால், நம் ‘கு’ உருபுக்கு நிகரான ‘டு’ தானாக நாவில் வரும். லத்தீன் வழி வந்த ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ ஆகியவற்றை அடுத்தும் ‘டு’தான் வருகிறது. ஆகவே ‘ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி’ என்பதே சரி. செயல்களானால் ‘ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டிரைவிங்’.

இதற்குப் போட்டியாக நிற்பது ‘வுட் ராதர்’. ‘தேன்’ இதனோடு பொருந்தும். ஆனால் இதையடுத்து வரும் வினை ‘டு’ இல்லாமல் மூல வடிவிலேயே வர வேண்டும்: ‘ஐ வுட் ராதர் வாக் தேன் டிரைவ்’. இரண்டும் பொருளிலும் சற்றே வேறுபடுகின்றன. ‘ப்ரிஃபர்’ நிலையான சுவையைச் சொல்கிறது. ‘வுட் ராதர்’ பெரும்பாலும் இப்போதைய தேர்வைச் சொல்கிறது. ‘எனக்கு நடப்பதுதான் பிடிக்கும்’ என்பதற்கு முன்னதும், ‘இன்றைக்கு நான் நடந்தே வருகிறேனே’ என்பதற்குப் பின்னதும் ஏற்றவை. அலுவலக மடலில் ஒருமுறைக்கான விருப்பத்தைப் பணிவாகச் சொல்ல ‘வுட் ப்ரிஃபர் டு’ போதும்.

பிறர் செய்ய வேண்டியதைப் பற்றிய விருப்பத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ‘ஐ வுட் ராதர் யூ கேம் டுமாரோ’ என்ற தொடரில், நாளை நடக்க வேண்டியதற்கு இறந்தகால வடிவமான ‘கேம்’ எப்படி வந்தது என்று மாணவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் ‘நீங்கள் நாளை வந்தால் நல்லது’ என்று நாமும் சொல்கிறோம். அந்த ‘வந்தால்’ என்னும் சொல், ‘வந்தேன்’, ‘வந்தார்’ ஆகியவற்றில் உள்ள அதே இறந்தகால அடியிலிருந்துதான் பிறக்கிறது. நடந்ததைக் குறிக்கும் வடிவத்தை நடக்காத ஒன்றுக்குப் பயன்படுத்தும் வழக்கம் நம் மொழியிலும் உண்டு என்பதை ஆசிரியர்கள் முதலிலேயே காட்டிவிட்டால், இந்த விதியை மனப்பாடம் செய்யும் சுமை பெரிதும் குறையும்.

வருத்தத்தைச் சொல்வதில் ‘ஷுட் ஹேவ்’, ‘விஷ்’, ‘ரிக்ரெட்’ ஆகிய மூன்றும் போட்டியிடுகின்றன. ‘ஷுட் ஹேவ்’ அமைப்பில் தமிழரின் தடுமாற்றத்துக்குக் காரணம் நம்முடைய ‘இருக்க வேண்டும்’. ‘அவர் வந்திருக்க வேண்டும்’ என்றால், அவர் வராமல்போனது தவறு என்றும் பொருள்; வாசலில் செருப்பு கிடப்பதைப் பார்த்து, அவர் வந்துவிட்டார் என்று ஊகிப்பதும் அதே தொடர்தான். ஆங்கிலம் முன்னதற்கு ‘ஹி ஷுட் ஹேவ் கம்’ என்றும், பின்னதற்கு ‘ஹி மஸ்ட் ஹேவ் கம்’ என்றும் பிரித்து வைத்திருக்கிறது. ‘போயிருக்கலாம்’ என்பதும் இப்படியே: ‘நானும் போயிருக்கலாம்’ என்ற ஏக்கத்துக்கு ‘குட் ஹேவ்’ அல்லது ‘ஷுட் ஹேவ்’, ‘அவர் ஊருக்குப் போயிருக்கலாம்’ என்ற ஊகத்துக்கு ‘மே ஹேவ்’. தமிழ்த் தொடரை அப்படியே மாற்ற முற்படாமல், சொல்ல வந்தது வருத்தமா ஊகமா என்று முதலில் தனக்குள் கேட்டுக்கொள்பவருக்கு இங்கே பிழை நேராது.

‘விஷ்’ நமக்கு இதைவிட எளிது என்றே கருதுகிறேன். ‘அன்றே படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்’ என்பதிலுள்ள ‘படித்திருந்தால்’, ‘ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடிட்’ என்பதிலுள்ள ‘ஹேட் ஸ்டடிட்’டுக்கு நேர் இணை. ‘ஹேட்’ விடுபட்டால் கடந்தகாலத்து வருத்தம் மறைந்து, இன்றைய நிலையைப் பற்றிய ஏக்கமாகிவிடும். ‘ஐ விஷ் ஐ வுட் ஹேவ் ஸ்டடிட்’ என்பது அமெரிக்கப் பேச்சில் கேட்கக்கூடியதே என்றாலும், தேர்விலும் முறையான எழுத்திலும் தவிர்க்க வேண்டியது.

‘ஷுட் ஹேவ்’, ‘விஷ்’ ஆகிய இரண்டில் எதைத் தேர்வது என்றால், வருத்தம் நம்மைப் பற்றியதானால் எதுவும் சரி. மற்றவரைப் பற்றியதானால் ‘விஷ்’ஐயே நான் பரிந்துரைப்பேன். ‘யூ ஷுட் ஹேவ் டோல்ட் மி’ என்பது கடமை தவறிவிட்டீர்கள் என்று குற்றம் சாட்டுகிறது. ‘ஐ விஷ் யூ ஹேட் டோல்ட் மி’ என்பதில் அதே ஆதங்கம் இருந்தாலும், சுட்டுவிரல் நீளுவதில்லை. மூத்தவர்களுக்கு எழுதும்போது இந்த வேறுபாடு உறவையே காக்கக்கூடியது.

‘ரிக்ரெட்’டில் கவனிக்க வேண்டியது ஒன்றே. ‘ஐ ரிக்ரெட் டெல்லிங் ஹிம்’ என்றால் அவரிடம் சொன்னதற்காக வருந்துகிறேன். ‘ஐ ரிக்ரெட் டு டெல் யூ’ என்றால் இனிமேல்தான் ஒரு கெட்ட செய்தியைச் சொல்லப்போகிறேன். வேலைக்கு விண்ணப்பித்தவருக்கு வரும் மறுப்புக் கடிதம் ‘வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’ என்று தொடங்குவது இதனால்தான்.

விருப்பமும் வருத்தமும் ஒரே தொடரில் சேரும் இடமும் உண்டு. ‘ஐ வுட் ராதர் ஹேவ் ஸ்டேய்ட் அட் ஹோம்’ என்பவர் வீட்டில் இருக்கவில்லை; இருக்கவே விரும்பினார், ஆனால் போக நேர்ந்துவிட்டது. ‘வீட்டிலேயே இருந்திருக்கலாம்’ என்று தமிழில் அலுத்துக்கொள்ளும் இடத்துக்கு, மேலே கண்ட எல்லாவற்றையும்விட இதுவே நெருக்கமாகப் பொருந்துகிறது.